ஒரு மலையும் ஒரு நாட்குறிப்பும்

ரெண்டு நாளா சீன வானிலை ஆய்வாளர் ஜூ கெஜென் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறார். 1910இல் அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய் முதலில் வேளாண்மை படித்தவர், பிறகு ஹார்வர்டில் சூறாவளிகளை ஆராய்ந்து 1918இல் முனைவர் பட்டத்தோடு சீனா திரும்புகிறார். அப்போது அங்கே வானிலைக் கணிப்பில் பெயர் பெற்றிருந்தது ஷாங்காயின் ஷூஜியாஹுய் ஆய்வகம். அதை 1870களில் தொடங்கி நடத்தியவர்கள் பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகள். தன் நாட்டு வானத்தைப் பற்றி வெளிநாட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய நிலைமை!

ஜூ முதலில் பாடம் நடத்தினார், மாணவர்களை உருவாக்கினார். ஆள் இல்லாமல் கருவி மட்டும் இருந்து என்ன செய்வது? அந்த வரிசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்புறம் 1928இல் நான்ஜிங் நகரின் பெய்ஜிகே குன்றில் வானிலை ஆய்வு நிறுவனம் எழுந்தது. மிங் அரச வம்சக் காலத்தில் வானத்தைக் கவனித்த அதே இடம்! அங்கிருந்துதான் நாடெங்கும் நிலையங்கள் அமைக்கும் வேலையும் பயிற்சி வகுப்புகளும் நடந்தன.

ஜப்பானுடன் நடந்த போரில் அவருடைய பழைய நாட்குறிப்புகள் அழிந்துவிட்டன. 1936இலிருந்து எழுதியவை இருக்கின்றன. நாள்தோறும் வெப்பநிலை, காற்று, வானம். கடைசிப் பதிவு 1974 பிப்ரவரி 6. வெளியே போய் அளக்க முடியாத உடல்நிலை, அதனால் எண்களுக்குப் பக்கத்தில் 'வானிலை நிலைய அறிவிப்பு' என்று குறித்து வைத்திருக்கிறார். தான் அளந்ததல்ல என்று சொல்லிவிட வேண்டும் அவருக்கு. மறுநாள் இறந்துபோனார்.