வடசென்னையில் வீடும் வண்டியும்

வடசென்னையில் புதிதாக வீடு கட்டும்போது கார் நிறுத்தவும் இடம் விட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடம் உயர்மாடிக் கட்டடமாகக் கருதப்படுவதால், அகலமான சாலையும் சுற்றிலும் கூடுதல் இடைவெளியும் தேவைப்படுகின்றன. பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் அதற்கு இடமேது? உயரமும் கூட்ட முடியாமல், தரைத்தளமும் கார்களுக்கே போனால், குறைவது எளியவர்களுக்கான வீடுகளே. கார் இல்லாதவரின் வீட்டு விலையில் கார் நிறுத்தும் செலவை ஏற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியை எங்கே நிறுத்துவது என்று எவரும் கேட்பதில்லை என்பது வேறு கதை.)

அதற்காக, எளியவர்களுக்கு அரசு வாரியம் கட்டித்தரும் குடியிருப்புகளை மேலே மேலே அடுக்கிவிடுவதும் தீர்வாகாது. மின்தூக்கி பழுதானால் குடத்தோடு படியேறும் பெண்களிடம் கேட்டால் தெரியும். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டுவிட்டது. நிலையத்துக்கு நடந்தே போகக்கூடிய மனைகளிலாவது கார் இடங்களைக் குறைத்து, மிதமான உயரத்தில் சிறு வீடுகளைக் கூட்டலாம்.