80 ரூபாய் ரௌட்டரும் நாலு ஓட்டையும்

எம்பெடட் லினக்ஸ் (ரௌட்டர், செட்டாப் பாக்ஸ் மாதிரி சாதனங்களுக்குள் ஓடும் லினக்ஸ்) கற்றுக்கொள்ள எந்த போர்டு வாங்கலாம் என்று யார் கேட்டாலும், போர்டு கிடக்கட்டும், முதலில் ஒரு யுஎஸ்பி-டிடிஎல் கேபிள் வாங்குங்கள் என்பேன். போர்டு சீரியல் பின்கள் வழியாகச் சொல்வதைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவரும் கேபிள் அது. இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அது இல்லாமல் எவ்வளவு விலைக்கு போர்டு வாங்கினாலும், பூட் ஆகாத அன்றைக்கு ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2022-ல் எனக்கு இந்த ஆசை வந்தபோது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டு எங்கே தேடியும் ஸ்டாக் இல்லை. 2012-ல் 35 டாலருக்கு வந்த சாமான், சிப் தட்டுப்பாட்டில் கைமாறிக் கைமாறி எங்கேயோ போய்விட்டது. அந்தக் கடுப்பில்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடைக்குள் நுழைந்தேன். ஒரு சாக்கு நிறைய பழைய ரௌட்டர்கள். ஒன்று 80 ரூபாய்.

மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் போர்டின் ஓரத்தில் வரிசையாக நாலு ஓட்டைகள் இருக்கும். அதுதான் சீரியல் போர்ட்: கிரவுண்ட், ஆர்எக்ஸ் (தகவல் வாங்குவது), டிஎக்ஸ் (அனுப்புவது), 3.3 வோல்ட். மல்டிமீட்டரை வைத்தால் எது எது என்று தெரிந்துவிடும், ஆன் செய்ததும் வோல்டேஜ் துள்ளுவது டிஎக்ஸ். மூன்றுக்கு ஈயம் வைத்து ஒயர் இழுத்தேன் (நாலாவதைத் தொடாதீர்கள், போர்டுக்கு அதன் அடாப்டரே கரண்ட் கொடுக்கும்). பாட் ரேட், அதாவது சீரியல் பேசும் வேகம், 115200. சீரியலைப் படிக்கும் பிக்கோகாம் என்ற மென்பொருளைத் திறந்துவைத்து ரௌட்டரை ஆன் செய்தேன், யு-பூட் (லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடர்) மளமளவென்று பேச ஆரம்பித்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த ரௌட்டரை நானே கொன்றேன். கேபிளில் வோல்டேஜை மாற்றும் ஜம்பர், 3.3-க்குப் பதில் 5 வோல்ட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை. புகைகூட வரவில்லை.

சரி, 80 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? 4 எம்பி ஃபிளாஷ், 32 எம்பி ரேம். ரௌட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி, 19.07 பதிப்புக்கு அப்புறம் அந்த அளவு சாதனங்களைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் பூட்லோடர் கர்னலை (லினக்ஸின் மையப் பகுதியை) எப்படி எடுக்கிறது, ஃபிளாஷை எப்படித் துண்டு போட்டிருக்கிறார்கள், ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிவைத்த ஃபைல் சிஸ்டம் என்றால் என்ன என்பதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குப்பைதான். அதே சாக்கில் ஒரு செட்டாப் பாக்ஸும் கிடைத்தது, நாலு கோர், 1 ஜிபி ரேம், லாட்டரி அடித்த மாதிரி துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செக்யூர் பூட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சீரியலில் இரண்டு வரி வரும், அப்புறம் மௌனம். தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையெழுத்தில்லாத எதையும் அது ஓட்டாது. இப்போது மின்விசிறிக் காற்றில் பேப்பர் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காசு கொடுத்து வாங்கிய முதல் போர்டு, செகண்ட் ஹேண்டில் 1,400 ரூபாய்க்கு ஒரு ஆரஞ்சு பை பிசி. அதில் இருப்பது ஆல்வின்னர் எச்3 சிப். இதைவிட வேகமான சிப் ஆயிரம் இருக்கலாம், ஆனால் இதற்கு மெயின்லைன் (அதிகாரபூர்வ) கர்னலிலும் யு-பூட்டிலும் ஆதரவு உண்டு, சீரியலுக்குத் தனியாக மூன்று பின் நீட்டிக்கொண்டிருக்கும், எஸ்டி கார்டு இல்லாவிட்டால் எஃப்இஎல் என்ற முறைக்குப் போய் யுஎஸ்பி வழியாக பூட் வாங்கிக்கொள்ளும். அதற்கான நிரல் சிப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் மென்பொருளை எப்படிச் சொதப்பினாலும் மீட்டுவிடலாம். நான் பலமுறை மீட்டிருக்கிறேன். ஒரே தொல்லை, அதன் மைக்ரோ யுஎஸ்பி வழியாக கரண்ட் எடுக்காது, 4 மில்லிமீட்டர் உருளைப் பின்தான் வேண்டும். அந்தப் பின்னுக்காக ஐந்து ரோட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை ஒரு மதியம் முழுக்க அலைந்தேன், நடுவில் தட்டுவடை செட் இரண்டு பிளேட்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பன் ஒருவனுக்கு, தோல் நீக்கிய பழத்தைப் புளிக்கவைக்கும் தொட்டியின் சூடு தெரிய வேண்டும். டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்று, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கர்னலுக்குச் சொல்லும் ஃபைல்) சில வரிகள். டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஒரு ஃபைலைப் படித்தால் சூடு வந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் மாட்டிவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் போன்: "மாப்ள, தொட்டி 85 டிகிரி காட்டுதுடா, என் காபி வெந்துபோச்சா?" சென்சார் அளக்கத் தொடங்கும் முன்பு வைத்திருக்கும் மதிப்பு 85. ஒயர் லூஸாகி விட்டுவிட்டு கரண்ட் போனதால் அங்கேயே நின்றிருக்கிறது. மலையில் மின்வெட்டும் அதிகம், இரண்டாவது வாரமே எஸ்டி கார்டு கெட்டது. சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை எழுத முடியாதபடி மாற்றி, பதிவுகளை மட்டும் தனியாக எழுத விட்டபிறகு பிரச்சினை இல்லை.

கையில் காசே இல்லையென்றால் க்யூஇஎம்யுவும் (கம்ப்யூட்டருக்குள்ளேயே போலி போர்டு ஓட்டும் மென்பொருள்) பில்ட்ரூட்டும் (சின்ன லினக்ஸ் கட்டித் தரும் கருவி) போதும், கர்னல் கட்டுவது வரைக்கும் எல்லாம் பழகலாம். ஜம்பரை மாற்றிப் போட்டு போர்டைக் கொல்லும் அனுபவம் மட்டும் அதில் கிடைக்காது.

போன வாரம் அந்த இரும்புக்கடைக்கு மறுபடியும் போனேன். நான் எப்போதும் அங்கேயே உட்கார்ந்து ரௌட்டரைக் கழற்றிப் பார்ப்பதைக் கடைக்காரர் கவனித்துவைத்திருக்கிறார் போல, இந்த முறை அவரே கழற்றி இரண்டு குவியலாகப் பிரித்து வைத்திருந்தார். "தம்பி, இதுல எல்லாம் அந்த நாலு ஓட்டை இருக்குங்க. இது 150."