முன்பாரம், பின்பாரம்

"வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

என் கால் வண்டிக்கடியில் சிக்கிக் கிடந்தபோது காதில் விழுந்த முதல் கேள்வி அதுதான். கேட்டவர் எங்கள் மேற்பார்வையாளர், தமிழர்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கோல்ஃப் மைதானத்தில் மழை விட்ட காலை. மணல் மூட்டைகளுடன் சரிவில் பக்கி என்னும் நான்கு சக்கரச் சிறு வண்டியை இறக்கினேன். ஈரப்புல்லில் பிரேக் பிடிக்கவில்லை. ஒடித்துத் திருப்பியதும் மூட்டைகள் ஒருபக்கம் சரிந்தன. சாயும் வண்டியைத் தாங்குவதாக நினைத்துக் காலை வெளியே ஊன்றினேன். சைக்கிளில் பழகிய கால் வேறென்ன செய்யும்? கணுக்கால் முறிந்தது.

அப்பா மாட்டுவண்டியில் நெல் ஏற்றினால் முன்பாரம், பின்பாரம் பார்க்காமல் ஓரடி நகர மாட்டார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டுக்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும் என்பார். இங்கே எனக்குச் சாவியையும் பெடலையும் காட்டினார்கள். பாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதைக்கூட மறந்துவிடுவேன். ஆம்புலன்ஸ் வருமுன் மேற்பார்வையாளர் குனிந்து, "தம்பி, விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு" என்றாரே, அதை மறக்க முடியவில்லை. ஊரில் அடிபட்டவனைத் 'தம்பி' என்றால் தூக்கிவிடக் கை நீளும்.

நான் உண்மையைத்தான் சொன்னேன். இங்கே வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் உண்டு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவ விடுப்பு தந்தால், முதலாளி 10 நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை விழுங்கும் பையன்கள் இதை அறிய வேண்டும்.

ஏழு ஆண்டுகளில் இந்த ஊர் பழகிவிட்டது. தேக்கா சந்தையில் கறிவேப்பிலை கிடைக்கிறது, பொங்கலுக்குக் கரும்பும் கிடைக்கிறது. ஆனால் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தபோது, எங்கள் தெருவில் யாருக்காவது அடிபட்டால் ஆரஞ்சுப் பழப்பையோடு வந்து திண்ணையில் உட்காரும் கூட்டம்தான் கண்ணில் நின்றது.

மூன்றாம் நாள், மைதானத்தில் துப்புரவு செய்யும் சீன அக்கா மீன் சூப்போடு வந்தார். காயம் ஆறும் என்று சைகையில் சொன்னார். மூடியைத் திறந்தால் விரால்! எங்கள் ஏரியில் சேற்றில் கைவிட்டுப் பிடிப்போமே, அதே விரால்.

அம்மாவிடம் வெறும் சுளுக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். விரால் சாப்பிட்டதாகச் சொன்னதும் போனில் சற்று நேரம் பேச்சில்லை.

"எந்த எலும்பு, தம்பி?" என்றாள்.