தலைக்கு உடம்பு வந்த கதை

மகள் வயிற்றில் 7 மாதமாக இருந்தபோது அவளுக்காக ஒரு குரோஷே யானை, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஊசியால் நூலில் பின்னும் பொம்மை, பின்ன ஆரம்பித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். இப்போது அவளுக்கு 5 வயது. நிஜ யானையே சுமார் 22 மாதம் சுமந்து குட்டி போட்டுவிடுகிறது. என் நூல் யானைக்கு 60 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் கை பறந்தது என்பதை மட்டும் தயவுசெய்து நம்புங்கள். இப்படிப் பின்னிப் பஞ்சடைக்கிற பொம்மைக்கு ஜப்பானியர்கள் அமிகுருமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிது, வேலைக்கு ஆறாம் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். நடுவில் ஒரு வளையம், அதில் 6 தையல். அடுத்த சுற்றில் 12. அப்புறம் 18, 24, 30 என்று ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போனால் வட்டத் தட்டு ஒன்று வரும். கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் அந்தத் தட்டு தானாகக் கிண்ணமாகக் குழியும். பிறகு குறைத்துக்கொண்டே வந்தால் வாயை மூடிக்கொண்டு பந்தாகிவிடும். முதல் முறை அது உள்ளங்கையில் குழிந்தபோது எனக்கு ஏதோ சித்து கைவந்துவிட்டது போலிருந்தது.

யானைக்கு மொத்தம் பத்துத் துண்டு. தலை, உடம்பு, தும்பிக்கை, காது இரண்டு, கால் நான்கு, வால். தலையை 4 நாளில் முடித்தேன். தும்பிக்கையைப் பின்னித் தைத்தேன். கண்ணும் வைத்தேன். முன்னங்கால் இரண்டும் தயார். "பிரசவத்துக்குள்ள ரெண்டாவது பொம்மைகூட முடிச்சிடுவேன்" என்று என் அம்மாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பெற்று வளர்த்தவர், என்னை அவருக்குத் தெரியும்.

குழந்தை பிறந்து பத்தாவது நாள், தூங்காத ஒரு ராத்திரியில், கண் வாங்கிய பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். சேஃப்டி கண் என்று பெயர். முன்பக்கத்திலிருந்து செருகி, பின்பக்கம் ஒரு வாஷரை வைத்து அழுத்தினால் அவ்வளவுதான், திரும்பக் கழற்ற முடியாது. பெயரிலேயே சேஃப்டி இருக்கிறதே என்று நான் வேறு எதையும் பார்க்கவில்லை. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. வாயில் வைத்துக் கடித்து இழுத்தால் நூல் நெகிழ்ந்து கண் வெளியே வந்துவிடலாம். சின்னக் குழந்தைகளின் பொம்மைக்குக் கண்ணை நூலால்தான் தைக்க வேண்டுமாம்.

என் முன்னால் இரண்டு வழி இருந்தன. தலையைப் பிரித்துக் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பின்னுவது. அல்லது குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை காத்திருப்பது. பொறுப்பான ஒரு தாய் எதைத் தேர்ந்தெடுப்பாளோ அதைத் தேர்ந்தெடுத்தேன். யார் கேட்டாலும் "பாதுகாப்பு காரணமா நிறுத்தி வெச்சிருக்கேன்" என்று சொல்லலாம். சொல்லும்போது ஒரு கம்பீரம் இருந்தது.

ஆக, 3 வருடம் அந்தத் தலை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. காது இல்லை, கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தும்பிக்கையும் இரண்டு கரிய கண்ணும் மட்டும். வீட்டுக்கு வந்து தங்கிய உறவினர் ஒருவர் நடுராத்திரி விளக்கைப் போட்டுவிட்டு அலறியதற்கு நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகளுக்கோ அது பழகிய முகம். அம்மா, அப்பா வரிசையில் சீக்கிரமே அவள் சொல்லப் பழகிய வார்த்தை "தல". வெளியே கிளம்பினால் மேல்தட்டைப் பார்த்து, "தல, டாட்டா" என்று கையசைப்பாள்.

3 வயது முடிந்ததும் என் பாதுகாப்பு காரணம் காலாவதியானது. பையைத் திறந்தேன். 3.5 மில்லிமீட்டர் குரோஷே ஊசியைக் காணவில்லை. சரி என்று 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்று வாங்கி, பின்னங்கால் இரண்டையும் பின்னிவிட்டேன். அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது? தையலுக்குத் தையல் அந்த அரை சேர்ந்துகொண்டே போய், முன்னங்காலைவிடப் பின்னங்கால் ஒரு விரற்கடை உயரமாக நின்றது. யானை எப்போதும் இறக்கத்தில் போவது மாதிரி.

பழைய ஊசி அப்புறம் கிடைத்தது. கணவர் பைஜாமாவுக்கு நாடா கோர்த்துக்கொண்டிருந்தார், அதைக் கொண்டு. "ஏங்க, இது என் குரோஷே ஊசி" என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நாடா கோர்க்கிற குச்சி இல்லையா?" அத்தனை வருடமும் அப்படித்தான் நம்பியிருக்கிறார். உண்மையைச் சொன்னால், நாடா கோர்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

நூலும் போதவில்லை. நூல்கண்டின் லேபிளில் நிறத்தின் எண்ணோடு சாயத்தின் எண்ணும் இருக்கும். ஒரே தடவையில் சாயம் தோய்த்த கண்டுகளுக்கு ஒரே எண். இதெல்லாம் தெரிந்தவர்கள் முதலிலேயே ஒரு கண்டு கூடுதலாக வாங்கிவைப்பார்கள். நான் வாங்கவில்லை. அதே கம்பெனி, அதே சாம்பல் நிறம், ஆனால் வேறு சாயம். தலையும் முன்னங்காலும் வெயில் காலத்து யானை, உடம்பும் பின்னங்காலும் மழையில் நனைந்த யானை.

காது விவகாரம் இன்னும் மோசம். பழைய குறிப்புத் தாள் தொலைந்துபோனதால் வேறொரு குறிப்பைப் பிடித்தேன். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்று சொல்லும் அதே தையலைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்காக்காரர்களின் டபுள் குரோஷே வேறு, அது ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். நான் கற்றது அமெரிக்க முறை, குறிப்பு பிரிட்டிஷ் முறை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் யானையின் இடது காது. பாதி முகத்தை மூடுகிற அளவுக்கு வந்தது. வலது காதைச் சரியாகப் பின்னினேன். இடதைப் பிரிக்க மனம் வரவில்லை.

இதையெல்லாம்கூட ஒரு மாதத்தில் முடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் மகள் எண்ணக் கற்றுக்கொண்டாள்.

குரோஷே பின்னுகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், எண்ணிக்கொண்டிருக்கும்போது பேசினால் எவ்வளவு கோபம் வரும் என்று. என் மகள் பேசமாட்டாள். கூடவே எண்ணுவாள். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஊசி உள்ளே போய் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டிக்கொண்டு: "பதினாறு... பதினேழு... பத்தொன்பது... பதினெட்டு... அப்புறம் அம்பது!" நான் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். "ஏம்மா, உனக்கு எண்ணத் தெரியாதா? நான் சொல்லித்தரேன்" என்று அவளும் ஒன்றிலிருந்து வருவாள். உடம்பில் எந்தச் சுற்றில் 48 தையல் இருக்க வேண்டுமோ அதில் 51 இருந்தன. அந்த மூன்றும் அவளுடைய பங்கு.

ஒரு நாள் வாசலில் மணி அடித்தது. நுனிக் கண்ணி நழுவாமல் பிடித்துக்கொள்ளும் மார்க்கர் என்ற சின்னக் கொக்கியை மாட்டாமல் ஊசியை உருவி வைத்துவிட்டுப் போனேன். குரோஷேயில் ஊசியில் எப்போதும் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். மொத்தப் பின்னலுக்கும் அதுதான் பூட்டு. அது விட்டால் நூல் இழுத்த இழுப்புக்கு வரும், ஒரு முடிச்சுகூடத் தடுக்காது. திரும்பி வந்தபோது மகள் நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தரையில் யானை உடம்பு கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "அம்மா, யானை கரையுது!"

28 சுற்று இருந்தது, 11 ஆனது. பிரிந்த நூல் சுருட்டை முடியாகக் கூடம் முழுக்கக் கிடந்தது. அவள் சந்தோஷத்தைப் பார்த்தால் யானையை முழுதாக முடித்துக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சிரித்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. பையை மூடி மேல்தட்டில் தலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது ஒரு வருடத்துக்கு மேல் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை எந்த ஞானோதயமும் வரவில்லை. மேல்தட்டில் வேறொன்றைத் தேடும்போது பை என் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். விட்ட இடத்திலிருந்து பின்னி உடம்பை முடித்தேன். மிச்சம் இருந்தது தைக்கிற வேலை. குரோஷேயில் அலுப்பான வேலை என்றால் இதுதான். ஒவ்வொரு காலையும் குண்டூசியால் நிறுத்தி, தள்ளி நின்று பார்த்து, கோணலாக இருந்தால் பிடுங்கி, மறுபடி குத்தி. கழுத்தை மட்டும் இரண்டு சுற்று தைத்தேன். வாங்கப்போகிறவளின் கைவரிசை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் யானையைத் தரையில் நிறுத்தினேன். பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் சரிந்து, பெரிய இடது காதின் கனத்தில் ஒருக்களித்து நின்றது. மகள் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். வீட்டைப் பார்க்க வந்த வாடகைக்காரர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பின்பக்கம் போனதும் நின்றாள்.

"வால் எங்க?"

பத்தாவது துண்டு. சத்தியமாக மறந்துவிட்டேன். 12 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, ஸ்லிப் ஸ்டிச் என்ற குட்டையான தையலில் திரும்பி வந்து, நுனியில் நாலு இழை குஞ்சம் வைத்துத் தைத்தேன். பத்து நிமிடம். அவள் அதுவரை கையைக் கட்டிக்கொண்டே நின்றாள். பிறகு யானையைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, தலைக்கு உடம்பு வந்துடுச்சு!"

நான் மனதுக்குள் அழகழகாக நாலைந்து பெயர் யோசித்துவைத்திருந்தேன். பிரயோஜனமில்லை, அதன் பெயர் தலைதான். அவள் கேட்ட ஒரே சந்தேகம், இத்தனை நாள் தலை எப்படித் தூங்கிச்சு என்பது.

ராத்திரி தலையைக் கட்டில் ஓரத்தில் நிறுத்தப் பார்த்தாள். அது பொத்தென்று குப்புற விழுந்தது. பையிலிருந்து மிச்ச நூல்கண்டை எடுத்து மோவாய்க்குக் கீழே அண்டக் கொடுத்தாள். கச்சிதமாக நின்றது. படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அம்மா, தலைக்கு ஒரு குட்டி வேணும்."

"செய்யலாம்டா கண்ணு. ஆனா குட்டிக்கு அந்த நூல்தான் வேணும். அதை எடுத்தா தலை விழுந்துடுமே?"

யோசித்தாள். தலையைப் பார்த்தாள், நூல்கண்டைப் பார்த்தாள். "அப்ப எடுக்காத" என்றாள்.

இதை வைத்து இரண்டு வருடமாவது ஓட்டலாம் என்று நினைக்கிறேன்.