‘யாரோ எதையோ கலந்து கொடுத்துட்டாங்க’

சிங்கப்பூரில் மருத்துவமனை வார்டில் மருந்தாளராக இருப்பவர்கள் இந்த வாக்கியத்தைப் பெரும்பாலும் தாழ்வாரத்தில்தான் கேட்பார்கள். டாக்டர் முன்னால் சொல்லக் கூச்சம். ஸ்கேன் எடுத்தாயிற்று, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் ‘நார்மல்’. அப்பா மட்டும் இளைத்துக்கொண்டே போகிறார். மகள் குரலைத் தாழ்த்தி, “அக்கா, யாராவது மருந்து வச்சிருப்பாங்களோ?” என்கிறார். கூடவே ஒரு பெயரும் வரும்: பணிப்பெண், மருமகள், சொத்துத் தகராறில் இருக்கிற சித்தப்பா.

அந்தச் சந்தேகத்தை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமான இரத்தப் பரிசோதனை ஈயம், ஆர்சனிக் போன்ற நச்சுகளைத் தேடுவதே இல்லை. சிறுநீரில் செய்யும் போதைப்பொருள் சோதனையும் சில மருந்து வகைகளுக்கு மட்டும்தான். அதில் ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் விஷம் இல்லை என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்று பெயர் எழுதி அனுப்பினால்தான் ஆய்வகம் அதைத் தேடும்.

மாதிரி எடுப்பதிலும் நிறையத் தவறு நடக்கும். உலோகச் சோதனைக்கென்று அடர் நீல மூடி போட்ட தனிக் குழாய் இருக்கிறது. சாதாரணக் குழாயில் எடுத்தால் குழாயின் மாசே கணக்கில் சேர்ந்துவிடலாம். ஆர்சனிக் இரத்தத்தில் சில மணி நேரமே தங்கும், அதற்குச் சிறுநீர்தான் சரி. ஆனால் மீன் தலைக் கறியும் இறால் சம்பலும் சாப்பிட்டவருக்கு, கடலுணவில் உள்ள தீங்கில்லாத ஆர்சனிக்கே அளவைத் தூக்கிக் காட்டும். அவசரமில்லாத சோதனை என்றால் மூன்று நான்கு நாள் கடலுணவைத் தவிர்க்கச் சொல்வோம். நோயாளி மோசமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே எடுத்துவிட்டு, கடைசியாக மீன் சாப்பிட்ட நாளைப் படிவத்தில் எழுத வேண்டும். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்தும் 96 மணி நேரம் வரை சில உலோக அளவீடுகளைக் குழப்பும். சேர்த்த அன்று எடுத்த முதல் இரத்தமும் சிறுநீரும் மிச்சம் இருந்தால் வைத்திருக்கச் சொல்லுங்கள். சில நாட்களில் அப்புறப்படுத்திவிடுவார்கள், பிறகு கிடைக்காது.

அடுத்து நாங்கள் கேட்பது ஒரு பை. நோயாளி வாயில் போட்டது, தோலில் தடவியது, மூக்கில் விட்டது எல்லாமே அதில் வர வேண்டும். பலதுறை மருந்தகத்து (பாலிகிளினிக்) மாத்திரை, ஊரிலிருந்து கூரியரில் வந்த லேகியம், பற்பம், செந்தூரம் போன்ற சித்த மருந்துகள், மலேசியாவின் ஜொகூரில் வாங்கிய மூட்டுவலி மாத்திரை, முகக் கிரீம், கண் மை. ஒவ்வொன்றும் அதனதன் டப்பாவிலேயே, தனித்தனி ஜிப் பையில். ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டால் எது எதிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. “அதெல்லாம் மூலிகைதானே, மருந்தில்லை” என்று விட்டுவிடுகிற டப்பாவில்தான் பல சமயம் விடை இருக்கிறது.

மூட்டுவலி மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும். சில வாரங்களில் முகம் வட்டமாக உப்பும், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகும், சர்க்கரை ஏறும். லேபிளில் சொல்லாமல் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்ற பொருட்களைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், பயந்துபோய் மாத்திரையைக் குப்பையில் போடுகிற அன்றுதான் புது ஆபத்து தொடங்குகிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடலின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், இரத்த அழுத்தம் சரிவு, உடம்பில் உப்புக் குறைவு. வீட்டாருக்கு அது விஷம் வைத்ததுபோலவே தெரியும். அந்த மாத்திரையைக் கையோடு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். மாற்று ஸ்டீராய்டு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

2008இல் சில மாதங்களுக்குள், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கி இங்குள்ள ஐந்து அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. நால்வர் இறந்தார்கள். சாப்பிட்டதை ஒத்துக்கொள்ளப் பலருக்கு வெட்கம். அதனால்தான் மனைவி மக்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நோயாளியிடம் தனியாக ஒருமுறை கேட்கிறோம்.

ஈயம் வேறு மாதிரி. வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத இரத்தசோகை. இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகப் பணியாளர் சிவப்பணுக்களில் நீலப் புள்ளிகளைக் கவனித்துச் சொன்னால், அதுவே முதல் துப்பாக இருக்கும். சில பற்பங்களில் ஈயம் உண்டு. ஈயச் சொம்பையும் மறக்கக் கூடாது. சுத்த வெள்ளீயம் என்றால் பாதகமில்லை. காரீயம், அதாவது நச்சு ஈயம், கலந்திருந்தால் புளி ரசத்தின் புளிப்பு அதைக் கரைத்து எடுத்துவிடும். அந்தச் சொம்பு ரசத்தை வீடே குடிக்கிறது என்றால் பேரப்பிள்ளைகளுக்கும் இரத்தம் பார்க்க வேண்டும், ஈயம் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும்.

பைக்கு அடுத்தது ஒரு தாள். தேதி, நேரம், சாப்பிட்டது, கூடச் சாப்பிட்டவர், வந்த தொந்தரவு. இதில் ஊகம் வேண்டாம், பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதும் வேண்டாம். எல்லாரும் ஒரே சட்டிச் சோறு சாப்பிட்டு ஒருவர் மட்டும் படுத்தால், அவர் மட்டும் எடுத்துக்கொள்வது என்ன என்று பார்க்கிறோம். ‘ஆஸ்பத்திரியில் தேறுகிறார், வீட்டுக்குப் போனால் படுத்துவிடுகிறார்’ என்பது நல்ல துப்பு. ஆனால் வார்டில் பணிப்பெண்ணின் சமையலோடு சேர்ந்து லேகியமும் நின்றுபோயிருக்கிறது என்பதை வீட்டார் கணக்கில் எடுப்பதில்லை.

சில வீடுகளில் பாட்டியே “சோத்துல விஷம் வச்சிருக்கா” என்று தட்டைத் தள்ளுவார். மறதிநோயிலும், சிறுநீர்த் தொற்றால் வரும் திடீர்க் குழப்பத்திலும் இப்படிப்பட்ட நம்பிக்கை வருவதுண்டு. நோயால் வந்த நம்பிக்கையா, உண்மையிலேயே விஷமா என்று இரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டும். பாட்டிக்கு மறதி என்பதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது. பணிப்பெண்ணை அன்றே ஊருக்கு அனுப்பிவிடுவதும் முறையில்லை.

உண்மையிலேயே யாராவது கொடுத்திருந்தால்? செங்காந்தள் கிழங்கு என்றால் முதலில் கடும் வாந்தி பேதி, பிறகு இரத்த அணுக்கள் சரிவு, ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். தாலியம் என்ற நச்சு உலோகம் என்றால் போர்வை பட்டாலே தாங்காத பாத வலி, இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்தாகப் போகும். சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழக மாணவி சூ லிங்குக்கு 1995இல் தாலியம் என்று உறுதியானபோது, நோய் தொடங்கி மாதங்கள் ஆகியிருந்தன. நண்பர்கள் இணையத்தில் உதவி கேட்க, வெளிநாட்டு மருத்துவர்கள் தாலியத்தின் பெயரைச் சொன்னார்கள். பிரஷ்யன் நீலம் என்ற மாற்றுமருந்து உயிரைக் காத்தது, நரம்புகளைக் காக்கவில்லை.

யாரோ வைத்த மருந்தை வெளியே எடுக்கிறேன் என்று உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு அளவுக்கு மீறி ஏறி வலிப்பு வரலாம், வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல் என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. ஒரு மனிதர் மேல் சந்தேகம் என்றால் போலீஸ். மிச்ச உணவை ருசி பார்க்காமல், பாத்திரத்தைக் கழுவாமல், அப்படியே மூடிக் குளிர்பெட்டியில் மற்ற உணவோடு சேராமல் வையுங்கள். மேலே தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். எடுத்து வைத்தவர் ஒருவர், போலீஸிடம் கொடுப்பவரும் அவரே என்று இருக்கட்டும். கை மாறக் கை மாற, அந்தப் பாத்திரம் சாட்சியமாக நிற்பது கடினமாகிவிடும்.