மாத்திரை கிடைத்தது, பசி போனது

வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைக்கு நான் மூன்று முறை போனேன். முதல் தடவை வரிசையில் நிற்கும்போது லேப் பெண் என் கையைப் பார்த்துவிட்டு, "சார், ஃபாஸ்டிங் இல்லையா?" என்றார். கையில் பாதி குடித்த காபி. எதிர்க்கடையில் எப்போது வாங்கினேன் என்பதே நினைவில்லை. இரண்டாம் தடவை வயிறு காலி, டாக்டர் சீட்டு வீட்டில்.

36 வயதில் எனக்கு ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) என்று தெரிந்துகொண்டவன் நான். அதைக் கண்டறியும் கட்டம் பெரிய சிரமமில்லாமல் முடிந்தது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று டாக்டர்கள் கேட்பார்கள். என் நாலாம் வகுப்பு ரேங்க் கார்டை அம்மா பத்திரமாக வைத்திருந்தார். மூன்று பருவத்திலும் ஆசிரியை ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்: 'கவனம் தேவை'. போகிறவர்கள் அப்படி ஏதாவது ஒரு பழைய காகிதத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

மருந்துக் கடையில்தான் தலைவலி ஆரம்பித்தது. ஏடிஹெச்டிக்கு எனக்கு எழுதிக் கொடுத்த மெத்தில்ஃபெனிடேட், ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. அதற்கென்று உரிமம் வைத்திருக்கும் கடையில்தான் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சென்னையில் நாலு கடை ஏறி இறங்கினேன். மூன்றில் "அதெல்லாம் வைக்கறதில்ல" என்றார்கள். நாலாவது கடையில் மருந்து இருந்தது, ஆனால் என்னிடம் டாக்டர் சீட்டு ஒன்றுதான் இருந்தது. "ரெண்டு காப்பி வேணும் சார். ஒண்ணை நாங்க ரெண்டு வருஷம் வெச்சிருக்கணும்." சட்டம் அதுதான், அவர் மேல் தப்பில்லை. கிளினிக்கில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு மறுபடி போனேன். டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு பிரதி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கடையில் ஸ்டாக் இருக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் புதுச் சீட்டு கேட்கிறார்கள்.

மாத்திரை வேலை செய்தது. கூடவே பசியையும் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன்பும் நான் ஒழுங்காகச் சாப்பிட்டவன் இல்லை. வேலையில் மூழ்கினால் மதியம் போனதே தெரியாது. தெரியும்போது கை நடுங்கும். நின்றபடியே அரை கிலோ மிக்சர் காலியாகும். "பசி சமிக்ஞை கொடுக்காம இல்ல, நீங்க அதைக் கவனிக்கறது லேட்" என்றார் டாக்டர். இப்போது மதியம் கேன்டீனில் சாம்பார் வாசனையே குமட்டியது. ராத்திரி ஒன்பது மணிக்கு மருந்தின் வேகம் இறங்கியதும் அசுரப் பசி வரும். நாலு பரோட்டா, சால்னா, அதற்கு மேல் ஐஸ்கிரீம். அப்படியிருந்தும் ஆறு வாரத்தில் 71 கிலோ 66 ஆனது. இளைப்பது நல்லதுதானே என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டேன். அது முட்டாள்தனம். அடுத்த விசிட்டில் எடை, பிரஷர், நாடி பார்த்தபோது திட்டு கிடைத்தது. ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்ததும், டயட்டீஷியனிடம் அனுப்பியதும் அன்றுதான்.

டயட்டீஷியன் ஆறு வேளை சார்ட் ஒன்று கொடுத்தார். திங்கள் கேழ்வரகு, செவ்வாய் கம்பு, தினமும் முதல் நாள் இரவே ஊறவைத்த அஞ்சு பாதாம். முதல் நாள் இரவு நினைவு வைத்துக்கொள்ள முடிந்திருந்தால் நான் எதற்கு அங்கே போகிறேன்? பிரிட்ஜ் கதவில் ஒட்டிய சார்ட் நாலே நாளில் பழைய காலண்டர் மாதிரி கண்ணில் படாமல் போனது. பாதாம் கிண்ணத்தைக் கண்டுபிடித்தது வாசனையை வைத்து. "உங்களுக்கு வில்பவர் பத்தாது சார்" என்றார் அந்த அம்மணி. இன்னும் ஆறவில்லை எனக்கு.

நடுவில் மாமா ஒருவர், சர்க்கரையை நிறுத்தினால் ஏடிஹெச்டியே போய்விடும் என்று தினமும் ஃபார்வர்ட் அனுப்பினார். 1990களிலேயே குழந்தைகளுக்குச் சர்க்கரையும் செயற்கை இனிப்பும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், நடத்தையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மாமாவுக்குப் பதில் அனுப்ப மறந்துவிட்டேன்.

கடைசியில் டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: "மாத்திரைக்கு முன்னாடி சாப்பிடுங்க. என்ன வேணா." அதைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை அட்டையை முட்டை டிரேயில் வைத்தேன். மாத்திரையை எடுக்கப் போனால் முட்டை கண்ணில் படும். இரண்டு வேகவைத்து, கீழ்க்கடை இட்லி மூன்றுடன் சாப்பிட்டு, அப்புறம்தான் மாத்திரை. மதியத்துக்கு ஆபீஸ் பக்கத்து மெஸ் அக்காவிடம் மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டேன். ஒரு மணிக்குப் பையன் கேரியரோடு மேசைக்கு வந்து நிற்கிறான். பசிக்காவிட்டாலும் தயிர்சாதம் இறங்கிவிடுகிறது. "தம்பி, கேரியர் காலியா வரணும்" என்று அக்கா கண்டிஷன். பிரிட்ஜின் கீழ் டிராயர் என் வீட்டில் காய்கறிகளின் சுடுகாடு. அங்கே கூல்டிரிங்க்ஸ் போய்விட்டது, கத்தரிக்காய் நடுத்தட்டுக்கு வந்துவிட்டது. இந்த இடமாற்றத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பரோட்டா ஒழியவில்லை, வாரம் இரண்டு ராத்திரி இருக்கிறது. எடை 68. மூன்றாம் தடவை லேப்பில் ரத்தமும் எடுத்தாகிவிட்டது.

தினமும் அம்மா போனில் "சாப்பிட்டியாடா?" என்பார். முன்பெல்லாம் யோசித்துவிட்டுப் பொய் சொல்வேன். நேற்று உடனே பதில் வந்தது.

"சாப்பிட்டேன்மா. இட்லி, முட்டை."

"நேத்து?"

"இட்லி, முட்டை."

"ஏன்டா, அந்த ஊர்ல வேற ஒண்ணும் கிடைக்கலையா?"