தட்டில் மீந்த தீவனம்

சுண்டெலிகளைக் கூண்டோடு சுற்றி அவற்றின் எடையைக் கூட்டும் சுழலி நின்றிருந்த அந்தச் சில நிமிடங்களில் தீவனக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, விலங்குக் கூடத்து அண்ணன் என்னிடம் கேட்டார்: “மேடம், சுத்துற கூண்டுல இருக்கிறதுங்க நேத்துலேர்ந்து பாதிகூடத் தின்னல. நிக்கிற கூண்டுக்கும் அதே அளவு குறைச்சுப் போடட்டுமா?”

“வேண்டாம்ண்ணா, நம்ம திட்டத்துல அது இல்ல” என்றேன்.

விதிப்படி நான் சொன்னது சரிதான். விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த திட்டத்தில், குழுவைக் கேட்காமல் பாதியில் தீவன அளவை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கூடுதல் எடை உறுப்புகளின் மரபணுச் செயல்பாட்டை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் அந்தத் திட்டத்தை எழுதியவள் நான். 2 ஜியில், அதாவது பூமி ஈர்ப்பின் இருமடங்கில், வைக்கப்படும் சுண்டெலிகள் முதல் சில நாட்கள் குறைவாக உண்ணும், உடல் வெப்பநிலை தாழும், எடை குறையும் என்பதை எழுதும்போதே அறிந்திருந்தேன். நிற்கும் கூண்டுக்கும் அதே அளவு போட்டால்தான் பசியின் விளைவை ஈர்ப்பின் விளைவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியும்.

மற்றவற்றில் கவனமாகத்தான் இருந்தேன். கூண்டு ஊஞ்சல்போல் சாய்ந்துகொடுக்கும் ஒன்றரை மீட்டர் கை நிமிடத்துக்கு 32 முறை சுற்றினால் ஏறத்தாழ 2 ஜி கிடைக்கும். சுழற்சியின் விளைவை எடையின் விளைவிலிருந்து பிரிப்பதற்காக அச்சுக்கு அருகிலும் ஒரு கூண்டு வைத்தேன். மரபணுக்களின் செயல்பாட்டைக் காட்டும் ஆர்என்ஏ அளவீட்டில், பீட்டா ஆக்டினை ஒப்பீட்டு மரபணுவாக, அதாவது மாறாதது என்று கருதி மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோலாகக் கொள்ளவில்லை. செல்லின் சட்டகத்தைக் கட்டும் புரதத்தின் மரபணு, எடை கூடும்போது மாறாமல் நிற்கும் என்று எப்படி நம்புவது? இவ்வளவு யோசித்தவளுக்குப் பசி மட்டும் ஏன் தப்பியது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கல்லீரல் முடிவுகள் வந்தபோது, உயர்ந்திருந்தவற்றின் வரிசையில் பிசிகே1, சிபிடி1ஏ ஆகிய மரபணுக்கள் மேலே நின்றன. ஒன்று புதிதாகக் குளுக்கோஸ் உருவாக்குவதற்கு, மற்றொன்று கொழுப்பை எரிப்பதற்கு. பட்டினி கிடக்கும் எந்தக் கல்லீரலிலும் உயர்பவை. நோயெதிர்ப்பு உறுப்பான தைமஸ் சுருங்கியிருந்ததற்கும் மன அழுத்த ஹார்மோனே போதிய காரணமாக இருந்திருக்கலாம். உடலைத் தாங்கி நிற்கும் கெண்டைக்கால் தசையான சோலியஸின் முடிவுகளையே ஓரளவு நம்புகிறேன், அதுவும் முழுமையாக அல்ல.

அண்ணன் சொன்னபடி செய்திருந்தால் எல்லாம் தெளிந்திருக்குமா என்றும் யோசிக்கிறேன். அளந்து போடப்பட்ட தீவனத்தை விலங்கு சீக்கிரமே தின்று முடித்துவிட்டு மறுநாள்வரை காத்திருக்கும்; அதனால் கல்லீரலின் நாள்கடிகாரமே இடம் மாறிவிடும். தவிர, உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு செயலிழந்த விலங்குகளில் இந்த உணவு மறுப்பு வெகுவாகக் குறைகிறது. அப்படியானால் பசியும் ஈர்ப்பு விளைவித்ததுதானே? காதில் தொடங்கி, மூளை வழியே வயிற்றை எட்டி, கல்லீரலில் முடிகிற ஒரு நீண்ட பாதையை ஈர்ப்பின் விளைவு என்று அழைப்பது பொய்யாகாது. ஆனால் எங்கள் கட்டுரையைப் படிப்பவர் அந்தப் பாதையை எண்ணமாட்டார். கல்லீரல் செல்லே கூடுதல் எடையை உணர்ந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்துக்கொள்ள இடமளிக்கும் விதமாகத்தான் நானும் எழுதியிருக்கிறேன்.

கட்டுரையின் பிற்பகுதியில் ‘உணவு உட்கொண்ட அளவு தனியாகக் கட்டுப்படுத்தப்படவில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது. பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோதே ஒருவர் அதைக் கேட்டார் என்பது அந்த வரியில் இல்லை. மீந்த தீவனத்தின் எடையை அவர் நாள்தோறும் பென்சிலில் குறித்துவைத்த தாள்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.